ஒன்றரை நிமிட மௌனம்

செத்துப்போன ஒரு இயங்குதளத்துக்கு உயிர் கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது வீட்டில் யாரும் என்னை மெச்சவில்லை. முகம் தெரியாத முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, எப்போதோ மூடப்பட்ட ஒரு கொம்பனியின் கணினி இயங்குதளத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். கொம்பனி தன் மூலநிரலை யாருக்கும் கொடுக்காமலே மூடிவிட்டது. ஆகவே ஒவ்வொரு வரியையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எழுதியதை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருட்டு என்று வழக்கு வராதிருக்க ஒரே ஒரு கட்டுப்பாடு. பழைய நிரலைக் கண்ணால் கண்டவர் இதில் கைவைக்கக் கூடாது. பழையது எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியே நின்று பார்க்கலாம். பார்த்ததை வைத்து, அதன் குறைகள்கூட மாறாமல், அதேபோல் நடக்கும் ஒன்றைச் செய்யலாம்.

“மையித்துக்கு நடை பழக்கிறியா?” என்று புத்தளத்தில் நான் படிப்பித்த கணினி நிலையத்தில் கூட்டாளி ஒருவன் கேட்டான். எனக்கு மூக்கின்மேல் கோபம். இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. பிணத்துக்கு நடை பழக்குவதாக அவன் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

நான் சேர்ந்தது என் மச்சானுக்காக, அதாவது என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவருக்காக. தொண்ணூறில் யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து அகதி முகாமுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அந்த நாட்களில் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதம் எழுதாமல் ஒலிநாடாக் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். முகாமில் ஒரு கெசட்டைச் சுற்றிப் பத்துப்பேர் உட்கார்ந்து கேட்போம். பிற்காலத்தில் அந்த நாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும், ஆட்கள் அவற்றை மச்சானிடம் கொண்டுவந்தார்கள். அவர் கெசட்டிலிருப்பதைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பார். கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பெட்டி அது. அவ்வளவு பழைய பெட்டியில் சத்தம் தடங்கலில்லாமல் பதிய அந்த இயங்குதளம்தான் தோது என்பார். கெசட்டைப் போடுமுன் மைக்கை இயக்கி அவரே பேசுவார். எந்த வீட்டுக் கெசட், எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனையாம் பக்கம் என்று.

யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, காடு மூடிய வீட்டு வளவைத் துப்புரவாக்க வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். ராத்தா மாட்டேன் என்றார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, உம்மாவை அடக்கிய கபுறு இங்கே. மூன்று நாள் ராத்தா அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் காலை பத்துமணிக்கு மச்சான் அறையில் மைக்குக்கு முன்னால் இருந்தார், ராத்தா குசினியில் சமையல் வேலையாக இருந்தார். நடுவில் ஒரு சீலைத் திரை மட்டுந்தான். அன்று பகல் ஒரு கெசட்டைக் கொடுக்கவென்று முந்தல் ஊருக்குப் பஸ் ஏறினார் மச்சான். பஸ்ஸிலேயே நெஞ்சு வலித்து, முந்தலில் இறக்கும்போது உயிர் பிரிந்து மௌத்தாகியிருந்தார்.

“அண்டைக்கு அவர் எனக்கு என்னமோ சொன்னார் தம்பி. மைக் போட்டிருந்திச்சு. நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டன்” என்று ராத்தா ஒருமுறை அல்ல, வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் காலையில் மச்சான் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.

பெட்டி ஒரு மாரிகால இடியில் எரிந்துபோனது. வன்தட்டு மட்டும் தப்பியது. மற்ற எந்தக் கணினியும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் புதிய இயங்குதளம் வளர்ந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின், ராத்தா வீட்டில் அந்தத் தட்டை என் கணினியில் பொருத்தினேன். உப்பளத்து வெயில் யன்னல் வழியே கண்ணைக் கூசவைத்தது. தட்டு திறந்தது. திரையில் ஒவ்வொன்றாகச் சாளரங்கள் தாமாக விரிந்தன. பெரியது இடப்பக்கம், சின்னது அதன்மேல் சற்றுச் சரிவாக, இன்னொன்று கீழ்மூலையில் பாதி மறைந்து. நான் எதையும் தொடவில்லை. கடைசியாக வைத்த இடத்தைத் தட்டிலேயே எழுதிவைப்பது அந்த இயங்குதளத்தின் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். தெரிந்தும் மௌஸின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

“கையை எடு. அவர் வச்ச மாதிரியே இரிக்கட்டும்” என்றார் ராத்தா.

அந்தக் காலையின் கோப்பு அங்கே இருந்தது. நேரம் பத்து மணி ஏழு நிமிடம். ஆனால் அது பாடவில்லை. பழைய இயங்குதளம் தனக்கென்று ஒரு முறையில் சத்தத்தைச் சுருக்கி வைத்திருந்தது. அந்தப் பகுதியை எங்களில் எவரும் இன்னும் திரும்ப எழுதவில்லை. நான் எழுதுகிறேன் என்று கையை உயர்த்தினேன். குளிர்நாடு ஒன்றில் இருந்த ஒருவரிடம் பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பை அனுப்பினால் உடனே கேட்டுச் சொல்வார். ராத்தா விடவில்லை. “அவர்ட சத்தத்த முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள் எனக்கு முந்திக் கேக்கிறதா?” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆகவே அந்த மனிதர் தன் பெட்டியில் தன் குரலையே பதிந்து அனுப்பினார். ஒன்றிலிருந்து இருநூறு வரை, மூச்சுவிடாமல் எண்ணியிருந்தார்.

எட்டு மாதம் அந்த எண்ணிக்கையோடு மல்லுக்கட்டினேன். முதலில் ஓலையில் நண்டு ஊர்வது போன்ற சத்தம். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வரும் முனகல். ஒரு நாள் அசர் தொழுகைக்கு முன், அந்த முனகல் திடீரென்று மனிதக் குரலாகி, தெளிவாக, நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு என்று எண்ணியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் காலையிலேயே ராத்தா வீட்டுக்கு ஓடினேன். முதலில் நானாவது தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அவசரக்குடுக்கை நான். கேட்கவில்லை.

ராத்தா கதிரையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நான் கோப்பை இயக்கினேன்.

“புள்ளபுள்ளபுள்ளசரி” என்றது மச்சானின் குரல், இடையில் மூச்சில்லாமல். அதே மூச்சில் கெசட்டின் விபரம், பிறகு நாடாவின் இரைச்சலும் யாரோ சவூதியிலிருந்து சலாம் சொல்வதும்.

மச்சான் ராத்தாவைப் புள்ள என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தண்ணீரில் தாழ்பவன் கூப்பிடுவது போல இருந்தது. ராத்தாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

“நெஞ்சப் புடிச்சிக்கிட்டு கூப்பிட்டிருக்கார். நான் போகல்ல. யா அல்லாஹ், நான் போகல்ல.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. ராத்தா சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்துவிடுவார். பிள்ளைகள் பட்டப்பகலில்கூட அந்த அறைக்குப் போக மறுத்தார்கள். காற்று அடித்துத் தகரம் மூன்றுமுறை தட்டினால் ராத்தா எழுந்து திரைக்கு அருகே போய் நின்றார். பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. களப்பின் கரையோரமாக நடக்கும்போது எனக்கும் அது பின்னால் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கிழமை கழித்துத்தான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. கோப்பின் நீளம் நாலு நிமிடம் என்றிருந்தது. என் நிரல் இரண்டரை நிமிடத்தில் பாடி முடித்துவிட்டது. ஒன்றரை நிமிடம் எங்கே போனது? குளிர்நாட்டு மனிதரிடம், எண்களுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி எண்ணி அனுப்பச் சொன்னேன். அதில் என் பிழை அகப்பட்டது. பழைய இயங்குதளம் இடம் மிச்சப்படுத்த மௌனத்தைப் பதிவதில்லை. இவ்வளவு நேரம் மௌனம் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதிவைக்கும். அந்த எண்ணை என் நிரல் குப்பை என்று தாண்டிப் போயிருந்தது. மூச்சுவிடாமல் எண்ணியவரை வைத்துப் பரீட்சித்தவனுக்கு அது எப்படித் தெரியும்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. என் கவனயீனத்தால் ஒரு மனுஷி ஒரு கிழமை முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்.

இம்முறை முதலில் நானே கேட்டேன். பிறகு ராத்தாவிடம் போய், பிழை என்னுடையது, அவர் வலியில் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

“புள்ள” என்றார் மச்சான். சாதாரணமாக, கொஞ்சம் வெட்கத்தோடு, சமாதானமாகப் போவோம் என்பவரின் குரலில். பிறகு மௌனம், இருபது விநாடி. “புள்ள.” பிறகு நாற்பது விநாடிக்கும் மேல். மூன்றாவது முறை இன்னும் மெதுவாக. கடைசி மௌனத்துக்குப் பிறகு லேசாகச் சிரித்து “சரி” என்றார். கெசட்டின் விபரத்துக்குப் போனார்.

“கோழி எங்க?” என்று கேட்டார் ராத்தா. “காத்து எங்க? நான் சட்டி கழுவினன். அந்தச் சத்தம் எங்க?”

அந்த மௌனத்தில் எதுவுமே இருக்கவில்லை. அப்படி ஒரு மௌனம் எங்கள் கரையில் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. கபுறுக்குள் இருக்கலாம்.

“ஒரு அளவுக்குக் கீழ இருந்தா அது பதியாது ராத்தா. மௌனம் எண்டு எடுத்துக்கும்.”

“மெல்லமாக் கதைச்சாலும்?”

“ஓம்.”

“குசினிக்குள்ள இருந்து, வாய்க்குள்ள சொன்னாலும்?”

“பதிஞ்சிருக்காது” என்றேன். அது உண்மை.

“அப்ப நான் சொல்லியிருப்பன். வாறன் எண்டு வாய்க்குள்ள சொன்ன மாதிரித்தான் ஞாபகம்.”

காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன் என்று இத்தனை வருடமாகச் சொன்னதை நான் நினைவூட்டவில்லை.

“இன்னொருக்காப் போடு” என்றார்.

போட்டேன். மச்சான் கூப்பிட்டார். இருபது விநாடி போனது. திரும்பவும் கூப்பிட்டார். ராத்தா கதிரையிலிருந்து எழுந்து, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தமாக, “வாறன்” என்றார்.

கணினித் திரையில் விநாடிகளின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பதையும் கடந்தன. மச்சான் மூன்றாவது முறையும் கூப்பிட்டார்.