ரிக்‌ஷாக்காரரின் பெருவிரல்

நீல மை தடவிய ஒரு பெருவிரல். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்துப் பிழைத்த ஒரு மனிதரின் காய்த்துப்போன விரல். அது ஒரு தாளின் மேல் இறங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்றதை ஐம்பது வருஷம் கழித்தும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தருவைகுளத்தில் இருந்த என் சித்திக்குக் கருப்பையில் கட்டி. மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. இந்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சித்தப்பா சரக்குத் தோணியில் போயிருந்தார். தோணி கொச்சியில் நிற்கிறதா மங்களூரில் நிற்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான்தான் சித்தியோடு தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளால் நடக்க முடியவில்லை, ரிக்‌ஷா பிடித்தோம்.

தாள் நிரப்புகிற எழுத்தர், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். கடலில் இருக்கிறார் என்றோம். சரி, அப்பன், அண்ணன், தம்பி? யாரும் இல்லை என்றோம். அவர் சலித்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ரிக்‌ஷாக்காரர் அங்கே நின்றார். உறவுக்காரர் என்று எழுதிக்கொள்கிறேன், வந்து கைநாட்டு வை என்று அவரை அதட்டிக் கூப்பிட்டுவிட்டார் அந்தப் புண்ணியவான்! பாவம், அந்த மனிதர் பயந்துபோய் விரலில் மையைத் தேய்த்துக்கொண்டு, "இந்த அம்மா பேருகூட எனக்குத் தெரியாதே ஐயா" என்று முழித்தார்.

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கைய எடுங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு எழுத்தரைப் பார்த்து, "வருசத்துல எட்டு மாசம் அவுக கடல்ல கெடக்காவ. மாமனார அடக்கம் பண்ணுனது நான். பிள்ளையளப் பள்ளிக்கூடத்துல சேத்தது நான். அறுக்கப் போறது என் வயித்த. என் கையெழுத்து மட்டும் இங்கன செல்லாதோ?"

போலீசைக் கூப்பிடுவேன் என்றார் அவர்.

"கூப்பிடுங்க. ரோட்டுல போறவர என் சொந்தமுன்னு எழுதப் பாத்தியளே, அதையும் அவுககிட்ட சொல்லுதேன்."

பேனாவைப் பிடுங்கி, 'கணவர்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ஞானஸ்நானப் பேரும் குடும்பப் பேருமாக முழுசாகக் கையெழுத்துப் போட்டாள். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா தாளை வாசித்துவிட்டு, இது போதும், உள்ளே கூட்டிவாருங்கள் என்றார். ரிக்‌ஷாக்காரர் விரலைத் துண்டில் துடைத்துவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்து எல்லோரையும் அதட்டினாள் என் சித்தி.

காலம் மாறிவிட்டது என்கிறார்கள். போன மாதம் எனக்கு ஆபரேஷன். குளிர்சாதன அறை, கம்ப்யூட்டர், சிரித்த முகத்தோடு ஒரு பெண். சம்மதத் தாளை நீட்டி, "சார் வரலியா மேடம்? கையெழுத்துப் போடப் பையனாவது?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் வாடகைக் காசுக்காக நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்புவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன்.