அண்டாவிலிருந்து மொண்ட தண்ணீர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் என் அறைக் கதவில் ‘இயக்குநர், நீடித்த வளர்ச்சி மையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறது. வளாகத்தில் பிளாஸ்டிக்கை ஒழித்தது, மழைநீரைச் சேமித்தது, மாணவர்களைச் சைக்கிளில் ஏற்றியது என்று என்னைப் பற்றிச் சொல்ல நாலு நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் இந்தப் பலகை என் கதவுக்கு வந்தது அவை எதனாலும் இல்லை. ஒரு புட்டித் தண்ணீரால் வந்தது.

நான் சின்ன காஞ்சிபுரத்துப் பெண். பிறந்த ஊரிலேயே சாயப்பட்டறைக்குள் காலை வைத்தது நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் ஆராய்ச்சிக்காக. பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகளிலிருந்து கால்வாயில் விழும் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதிரி எடுக்க மாணவிகளைத்தான் அனுப்புவது வழக்கம். அன்றைக்கு அவர்களுக்குத் தேர்வு இருந்ததால் நானே பெரிய காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஐந்து பட்டறைகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடாததுதான் பாக்கி. ஆறாவது பட்டறைக்காரர் மட்டும், “வெயில்ல நின்னுக்கினு இருக்கிறீங்களே, உள்ள வாங்க மேடம்” என்றார்.

ஐம்பது வயதிருக்கும். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன. அவரும் அவர் மனைவியும்தான் பட்டறை. அவர் சாயம் ஏற்றுவார், அந்தம்மா அலசிப் பிழிந்து உலர்த்துவார். அன்று ஒரு முகூர்த்தப் புடவைக்கு அரக்கு நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தம்மா எனக்கு மோர் கொடுத்தார். நான் குளிர்சாதனப் பையிலிருந்து புட்டியை எடுத்து, கழிவுநீர் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன்.

“கீழ ஓடுற தண்ணி எதுக்கும்மா? அது நாலு வாட்டி அலசினது, அதுல ஒண்ணும் இருக்காது” என்றார் அவர். “ஆராய்ச்சின்னு இம்மாந்தூரம் வந்துக்கிறீங்க. கலரு நல்லா இருக்க வேணாமா?” சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து புட்டியை வாங்கி, கொதித்துக்கொண்டிருந்த அண்டாவிலிருந்து சாயத்தையே மொண்டு நிரப்பி, துணியால் துடைத்துக் கொடுத்தார். விருந்தாளிக்குக் கெட்டித் தயிராகப் பார்த்து ஊற்றுவார்களே, அப்படி.

இது இல்லை அண்ணா, வாய்க்காலில் போகிற தண்ணீர்தான் வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். மோர் குடித்த வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தபோது எல்லோரும் அசந்துபோனார்கள். அசராமல் என்ன செய்வார்கள்? அண்டாவிலேயே அள்ளிய சாயம். அந்த வாரம்தான் மையத்துக்கு இயக்குநர் யார் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் அறிக்கையைத் திறந்து, அந்த எண்ணுக்கு எதிரே ‘வெளியேற்றப்படும் கழிவுநீர்’ என்று தட்டச்சு செய்தேன். தெரியாமல் செய்யவில்லை. அந்த இரண்டு சொற்களை அடிக்கும்போது அவருடைய அண்டா என் கண்ணெதிரே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பட்டறையின் பெயரைப் போடவில்லை, வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். யாருடைய பெயரையும் வெளியிடாத நல்ல ஆராய்ச்சியாளர் நான். அந்தத் தெருவில் இருந்ததே ஒரே ஒரு பட்டறை என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

எனக்குப் பதவி வந்தது. ஆறு மாதத்தில் அறிக்கை அதிகாரிகள் கைக்குப் போய், அவர்கள் அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டு நேராக அவர் வாசலில் போய் நின்றார்கள். அரக்கு நிறத்துக்குப் பேர்போன பட்டறைக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டாயிற்று என்று தெருவில் கேலி பேசினார்களாம். அது என் காதுக்கும் வந்தது. ஆனாலும் காலையில் எழுந்து, இட்லி சாப்பிட்டு, நீடித்த வளர்ச்சி பற்றி வகுப்பெடுக்கப் போய்விட்டேன்.

பட்டறையைத் திறக்கச் சொல்லி அவர் மனு கொடுத்தார். கலெக்டர் அலுவலக மாடியில் விசாரணை. நிபுணர் என்று என்னையும் அழைத்து, அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே அவர் நின்றார். அவர் கைகளில் சிவப்பு போய்விட்டிருந்தது. வேலை இல்லாவிட்டால் அது வெளுத்துவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அது கீழ போற தண்ணி இல்ல சார்” என்றார். “அண்டாத் தண்ணி. கேட்டாங்கன்னு நான்தான் மொண்டு குடுத்தேன்.”

“யாருகிட்ட குடுத்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். ஓரக்கண்ணால் இல்லை, நேராக. பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, “யூனிவர்சிட்டிலேர்ந்து ஒருத்தங்க வந்தாங்க சார். முகம் சரியா ஞாபகம் இல்ல” என்றார்.

அதிகாரி என்னிடம் குனிந்து, “மேடம், உங்க ஸ்டூடண்ட்ஸ் யாராவது போயிருப்பாங்களா?” என்று கேட்டார்.

சின்ன வயதில் நான் பதில் சொல்லாமல் நின்றால், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அம்மா அதட்டுவாள். அன்று பேசாமலாவது இருந்திருக்கலாம். “இருக்கலாம் சார், விசாரிக்கிறேன்” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனு ஒத்திவைக்கப்பட்டது.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் மனைவி கீழே புங்க மரத்தடியில் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஞாபகம் இல்லன்னு ஏண்ணா சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நீங்கதான்னு நான் சொன்னா, இல்லன்னு சொல்லிடுவீங்க. அந்த ரூம்ல உங்க பேச்சுதான் எடுபடும், என் பேச்சு எடுபடாது” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “அதான் உங்களுக்கே வுட்டுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேம்மா.”

அவர் மனைவி அவரை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து உண்மையை எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. பதினோரு நாள் ஆயிற்று. அப்போதும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் பார்த்தேன். ‘மாதிரி சேகரிப்பின்போது புட்டியின் பெயர்ச்சீட்டில் குழப்பம் நேர்ந்துவிட்டது, அந்த எண்ணைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று மையத்தின் கடிதத்தாளில் எழுதினேன். ‘நேர்ந்துவிட்டது’ என்பது எவ்வளவு வசதியான சொல். அதில் செய்த ஆள் இல்லை. ‘பெறுகிறோம்’ என்பது அதைவிட வசதி.

அதிகாரிகள் வந்து, இந்த முறை அவர்களே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தார்கள். வடிகட்டித் தொட்டி ஒன்று கட்டச் சொல்லி, முத்திரையை உடைத்துவிட்டார்கள். அவர் பட்டறை ஏறக்குறைய ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த ஐந்து மாதமும் முகூர்த்த மாதங்கள். வாடிக்கையாக அவரிடம் நூல் கொடுத்துவந்த தறிக்காரர்களில் பாதிப்பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இன்னும் நேரில் போகவில்லை. போக வேண்டும் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

அந்த வருடம் பல்கலைக்கழக ஆண்டு விழாவில் துணைவேந்தர் என் கடிதத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். தன் மையத்தின் தவற்றைத் தானே முன்வந்து திருத்திக்கொள்கிற நேர்மைதான் ஆராய்ச்சிக்கு அழகு என்றார். அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் என் மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புட்டியை நானே போய் எடுத்தது தெரியாமல், பெயர்ச்சீட்டைக் குழப்பியது தங்களில் யார் என்று அதுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி என்னிடமே வந்து, நானாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் மேடம் என்று அழுதிருந்தாள். பரவாயில்லை போ என்று அவளை நான் மன்னித்தும் அனுப்பியிருந்தேன். அவளும் கைதட்டினாள். நான் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.