சாட்சி சொன்ன தமிழும் குழு கேட்ட தமிழும்

பிறர் பேச்சைக் குறிப்பெழுதும் தொழிலில் கைக்கு வரும் கேடு குறைவு, காதுக்கு வரும் கேடு அதிகம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் சட்டமன்றச் சுருக்கெழுத்தர் தேவசகாயம். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ மாதர் சங்கத்திலோ, "உங்களுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமே" என்று சொல்லி எவராவது குறிப்பேட்டை உங்கள் பக்கம் தள்ளியிருந்தால், நீங்களும் என்னைப் போல் அகப்பட்டவரே. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஆர்.எஸ்.புரத்தில் கடைப்பெயர்ப் பலகைகளின் ஒற்றுப்பிழைகளை மனத்துக்குள் திருத்திக்கொண்டு நடந்த காலம். சிற்றூர்ப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசுத் திட்டம் ஒன்று எங்கள் பக்கம் நடந்து வந்தது. முகாமில் சோதனை செய்வார்கள். முடிவில் ஐயம் இருந்தால் அஞ்சலட்டை எழுதி மருத்துவமனைக்கு அழைப்பார்கள். அப்படி அழைத்ததாகச் சொல்லப்பட்டவர்களுள் பலர் மருத்துவமனைக்கு வந்து சேரவே இல்லை. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. உறுப்பினர் குழு ஒன்று விசாரிக்கக் கோவைக்கு வந்தது.

தேவசகாயம் நாஞ்சில் நாட்டுக்காரர். கொங்குப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே சாட்சிகள் சொல்வதைத் திருத்தமான தமிழில் எழுதித்தர என்னை அழைத்தார்கள். திட்ட அலுவலர், விசாரணை தொடங்கிய அன்றே ஒரே வரியில் விளக்கம் தந்துவிட்டார்: "அழைக்கப்பட்ட பெண்கள் வரவில்லை." அந்த வரி அறிக்கையில் ஏறிவிட்டால் குற்றம் பெண்களுடையதாகிவிடும், நோயை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களை எவரும் தேடிப் போகமாட்டார்கள்.

தூரம்

முதல் சாட்சி சரசாள். தொண்டாமுத்தூரை அடுத்த தோப்புப் பகுதியிலிருந்து வந்திருந்தார். பெண்கள் முகாமுக்கு வந்துபோவதில் இடர் உண்டா என்று அறிய விரும்பிய குழுத் தலைவர், மிகக் கனிவாக, "உங்களுக்கு எவ்வளவு தூரம் அம்மா?" என்றார். சரசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பெரியவங்க கேக்கறீங்க, சொல்லாம இருக்கப்படாது. எனக்குத் தூரம் நின்னு ரொம்ப வருசமாச்சுங்க" என்றார்.

மாதவிலக்கைத் தூரம் என்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கு. ஆண்கள்தாம் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்வதில்லை. நம் தலைவரோ உண்மையாகவே வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன் நின்றது? போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுத்தீர்களா?" என்றார். தேவசகாயத்தின் பென்சில் நின்றுவிட்டது. நான் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கடைசியில் சரசாளே அவரைக் கரையேற்றினார்: "நீங்க பஸ்ஸைக் கேக்கறீங்களாட்ட இருக்குதுங்க. அது எங்கீங்க நின்னுது? மணிக்கொருதரம் தவறாம வந்துட்டுத்தான் இருக்குது!"

கணவர் பெயர்

அடுத்த சாட்சி, சரசாளுடைய தம்பியின் மனைவி பாப்பாத்தி. ஒன்றரை ஆண்டுக்கு முன் முகாமில் சோதனை செய்துகொண்டவர். தகவல் ஒன்றும் வராததால், கோளாறு இருந்தால் கூப்பிட்டிருப்பார்களே என்று நிம்மதியாக இருந்துவிட்டார். பதிவுக்காகத் தேவசகாயம் கணவர் பெயரைக் கேட்டார். அதை வாயால் சொல்லிப் பாப்பாத்திக்குப் பழக்கமில்லை. "மலைமேல இருக்கறவருங்க" என்றார். தேவசகாயம் 'வனக்காவலர்' என்று எழுதத் தொடங்கவே, "அய்யோ, ஃபாரஸ்ட்டு இல்லீங்க! பழத்துக்குக் கோவிச்சுட்டுப் போனாரே, அவரு பேருங்க" என்று பதறினார். "பழனிசாமியா?" என்றேன். மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. பெண்களை அழைத்ததற்குச் சான்றாக அலுவலர் கொடுத்திருந்த அஞ்சலட்டைகளுள் ஒன்றில், 'பாப்பாத்தி, கணவர் பெயர் முருகன்' என்றிருந்ததைப் பார்த்திருந்தேன். 'அப்படி ஒருவர் இல்லை' என்று அஞ்சல்காரர் எழுதித் திருப்பியனுப்பிய அட்டை. முகாமில் பெயர் பதிந்தவருக்கும் பாப்பாத்தி இதே விடையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மலைவரை சரியாக ஏறி, உச்சியில் வழி தவறிவிட்டார். நான் சொல்லவே, தலைவர் அட்டையைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார்: 'ஐயம் உள்ளது. உடனே மருத்துவமனைக்கு வரவும்.' படித்த பிறகுதான், யாருக்குப் படிக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பாப்பாத்தியின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் அடங்கவில்லை. அலுவலரைப் பார்த்துக் கேட்டார்: "முருகனுக்குக் காயிதம் போட்டா மருதமலைக்குத்தானுங்க போகும், எங்கூட்டுக்கு எப்படீங்க வரும்?"

ஆகட்டுங்க

தலைவர் நல்ல மனிதர். "இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள் அம்மா, என் வண்டியிலேயே போங்கள்" என்றார். "ஆகட்டுங்க" என்றார் பாப்பாத்தி. தலைவர் என் பக்கம் திரும்பி, "சாட்சி ஒப்புக்கொண்டார் என்று எழுதுங்கள்" என்றார். நான் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்பது மரியாதை ஆகாது. அந்த இடத்துக்கும் 'ஆகட்டுங்க' என்பதையே வைத்திருக்கிறோம். சட்டென்று சொன்னால் சம்மதம், இழுத்துச் சொன்னால் மறுப்பு. பாப்பாத்தி இழுத்திருந்தார்.

"எப்போது போவாய் கண்ணு?" என்று கேட்டேன். "தை பொறக்கட்டுங்க டீச்சரம்மா. மாடு இப்பத்தான் கன்னு போட்டிருக்குது. நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துட்டா ஆருங்க கறக்கறது?" என்றார். அச்சத்தை மாட்டின் பின்னால் மறைக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து சரசாள் எழுந்து வந்தார். "எங்கப்பன் ஊட்டு மாட்டை எனக்குக் கறக்கத் தெரியாதாக்கும்? பேசாம வண்டியில ஏறு அம்மணி. மாடு உன்னையத் தேடாது, எந்தம்பிதான் தேடுவான்!"

செயப்பாட்டுவினை

திரும்பிவந்த மற்ற அட்டைகளையும் குழு எடுத்துப் பார்த்தது. முருகன்கள் நிறைய, பெருமாள்களுக்கும் குறைவில்லை. ஓர் அட்டையில் கணவர் பெயர் 'எங்கூட்டுக்காரர்' என்றே இருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, அறிக்கையின் வரைவு என் கைக்கு வந்தபோது அந்தப் பழைய வரி அசையாமல் உட்கார்ந்திருந்தது: 'அழைக்கப்பட்ட பெண்கள் வரவில்லை.' ஒற்றுப்பிழை பார்ப்பதற்கு மட்டுமே எனக்கு உரிமை என்று தேவசகாயம் காதோடு எச்சரித்தார். இது ஒற்றைவிடப் பெரிய பிழை என்று நான் எழுந்து நின்றேன்.

திட்ட அலுவலரும் எங்கள் ஊர்க்காரர்தாம், சண்டையை விரும்பாதவர். "சரிங்க, 'பெண்கள் அழைக்கப்படவில்லை'ன்னு போட்டுக்கலாமுங்க. யாருக்கும் சங்கடமில்லை" என்றார். யாருக்கும் சங்கடமில்லாத வாக்கியம் எனக்குத் தெரியாததா? செய்தவர் ஒளிந்துகொள்ள மொழியில் செயப்பாட்டுவினையைப் போல் வசதியான இடம் வேறில்லை. எட்டாம் வகுப்புக் கட்டுரைகளில் 'கண்ணாடி உடைக்கப்பட்டுவிட்டது' என்று எழுதியவர்களையெல்லாம் சிவப்பு மையால் வெளியே இழுத்தவள் நான். "அழைக்காதவர் யார் ஐயா?" என்று தலைவரைக் கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். பழைய வரியைத் தம் கையாலேயே அடித்துவிட்டு எழுதினார்: 'திட்ட அலுவலகம் பெண்களை அழைக்கவில்லை. இனி வீடு தேடிச் சென்று அழைக்க வேண்டும்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அலுவலர் கோப்பைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "ஏனுங்க டீச்சரம்மா, நீங்க தமிழ் டீச்சருங்களா, எதிர்க்கட்சிங்களா?"

வீடு தேடி

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு செவிலியர்கள் தோப்புத் தோப்பாக ஏறி இறங்கினார்கள். கணவர் பெயர் கேட்பதை விட்டு, வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டு ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். சிலரை உரிய வேளையில் கண்டார்கள்; ஒரு வீட்டில் மட்டும் மாலை போட்ட படம்தான் இருந்தது. பாப்பாத்திக்கு நோய் முற்றியிருக்கவில்லை. கருப்பையை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி, நாத்தனார் சரசாள் காதில் விழும்படியே குறைசொன்னார்: "எங்க நங்கையா கறந்தா மாடு பாலைக் கொறச்சுப்போடுதுங்க டீச்சரம்மா, வெரசா ஊட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

அறிக்கையின் மற்றப் பரிந்துரைகள் எல்லாம் பரிசீலனையில் இருக்க, வீணாய்ப் போன ஒன்றரை ஆண்டுக்கு அரசு பாப்பாத்திக்குத் திருப்பித் தந்தது, விசாரணையிலிருந்து தலைவர் வண்டியில் போனமையால், சாட்சி சொல்ல வந்த ஒரு வழிக்கு மட்டும் கணக்கிட்ட பேருந்துக் கட்டணமான இரண்டு ரூபாய் எழுபத்தைந்து காசு.