அம்மா போட்ட உரச்சாயா

எங்கள் ஊரில் மனிதருக்குச் சாயா போட எல்லோருக்கும் தெரியும். செடிகளுக்குச் சாயா போட்டவள் என் அம்மா ஒருத்திதான். மட்கிய உரத்தைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, வெல்லம் கரைத்த வாளித் தண்ணீரில் தொங்கவிடுவாள். மீன்தொட்டி மோட்டார் ஒருநாள் முழுக்க அதில் குமிழி விடும். பிறகு விற்பதற்காக வளர்க்கும் மிளகுக் கன்றுகளுக்குத் தெளிப்பாள்.

கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்துபோன வருடம், நான் எட்டாம் வகுப்பு. உரத்தில் கைவிட்டுச் சூடு பார்ப்பதும் பிடித்து ஈரம் பார்ப்பதும் அம்மா. மணம் பார்ப்பது நான். "மக்கா, மோந்து சொல்லு. உனக்க மூக்கு யாருக்கு வரும்?" என்பாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் அம்மாவின் அண்ணன், என் மாமா, கருங்கல் ஊரிலிருந்து ஒரு மூடை உரம் கொண்டுவந்தார். கன்னங்கறுப்பு. அம்மாவின் கண்ணுக்கும் கைக்கும் தேறிவிட்டது. அடுத்த வாரம் பேச்சிப்பாறைத் தோட்டக்காரர் ஒருவர் கன்றுகளை ஏற்ற வருவதாக இருந்தது. கெட்ட உரம் பட்டுக் கருகினால் அம்மாவின் ஆறு மாதப் பாடு போச்சு. நான் முகர்ந்தேன். அழுகிய முட்டை நாற்றம்.

"இது வேண்டாம்மா, நாறுது."

"ஏட்டி, உரம் பின்ன பிச்சிப்பூ மாதிரியா மணக்கும்?" என்று மாமா சிரித்தார்.

அம்மா என்னையே பார்த்தாள். "நல்லா மோந்தியா?"

"மோந்தேன்."

"அண்ணா, மூடைய ஓரமா வையுங்க."

வீட்டுக் குழியில் கிடந்த உரத்தை எடுத்தோம். பார்க்கக் கரடுமுரடுதான்; ஆனால் புதுமழை பெய்த மண்ணின் மணம். மாமா வீம்புக்குத் தன் உரத்தில் சாயா போட்டுப் பத்துக் கன்றுகளுக்கு ஊற்றினார். மூன்றாம் நாள் பத்தும் கருகின. மற்றவையெல்லாம் பளபளவென்று வண்டி ஏறின. "எனக்க பிள்ளைக்க மூக்கு!" என்று அம்மா கண்டவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். நானும் ஒரு வாரம் அந்த மூக்கை உயர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

இப்போது கல்லூரிக்குப் போகிறேன். போன மாதம்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தக் கொரோனாக் காய்ச்சலோடு போன மோப்ப சக்தி ஒரு வருடம் அவளுக்குத் திரும்பவே இல்லையாம். மீன்குழம்பு அடிபிடித்தால்கூடத் தெரியாதாம். கன்று வாங்குகிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

"நான் தப்பா சொல்லியிருந்தா?"

"எல்லாம் போயிருக்கும்" என்றாள், சாயாவை ஆற்றியபடி.

அம்மா என்னைக் கொஞ்சுகிறாள் என்றே அன்று நினைத்தேன். தன் ஆறு மாதப் பாடு முழுவதையும் என் மூக்கை நம்பிக் கொடுத்துவிட்டு அவள் நின்றது எனக்குத் தெரியவில்லை.