நாலாவது வளைவு

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம், ஒரு சனிக்கிழமை காலை, புத்தளத்திலிருந்து தனியாக ஸ்கூட்டரில் அந்தப் பாலத்தைப் பார்க்கப் போனேன். பாலத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வீதித் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த இருபத்திரண்டு வருடத்தில் மூன்று தடவை வரைந்திருக்கிறேன். வடக்கே காட்டோரமாக, ஆறு கடலைச் சேருவதற்குச் சற்று முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லால் கட்டியது. சண்டைக் காலத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பழைய படம் கிழியத் தொடங்கினால் என்னிடம் தருவார்கள். அதைப் பார்த்துப் புதிதாக வரைவேன். மூன்று வளைவு, இரண்டு தூண்.

துணைக்கு யாரையும் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். பக்கத்து மேசைக்காரியைக் கேட்டேன். "பாலத்தப் பார்க்கவா?" என்று சிரித்தாள். உடப்பில் இருக்கும் தங்கச்சி, பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறதென்றாள். அம்மா போனபிறகு நான் புத்தளத்தில் ஒரு அறையில் தனியாக இருந்தேன். ஞாயிறு உடுப்புத் தோய்ப்பதில் போய்விடும். சனியைத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

வண்ணாத்திவில்லு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் தார் முடிந்தது. அதற்குப் பிறகு செம்மண். வெகுநேரம் ஒரு சைக்கிள்கூட எதிரே வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, காரணமே இல்லாமல் ஹோர்ன் அடித்தேன்.

பாலம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. கைபிடிச் சுவரில் புல் முளைத்திருந்தது. கரையில் இறங்கி நின்று வளைவுகளை எண்ணினேன். நாலு. மறுகரைக்குப் போய்த் திரும்ப எண்ணினேன். கண்டல் மரங்களுக்குள் பாதி மறைந்தபடி ஒரு சின்ன வளைவு நின்றது. மூன்று தடவையும் அது இல்லாமலேதான் வரைந்திருக்கிறேன்.

கையில் அளவு நாடா கொண்டு போயிருந்தேன். ஒரு நுனியைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு மற்றதை இழுத்தால் கல் புரண்டது. நாலைந்து தரம் அப்படியே. கீழே வீச்சுவலையோடு நின்றவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாரனை மடித்துக் கட்டியபடி ஏறி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்போம்.

"அந்தப் பக்கத்த நான் புடிக்கட்டா மிஸ்?"

"ஓம் நானா, பெரிய உதவி."

"புதுப் பாலம் போடப் போறாங்களா?"

"இல்ல, சும்மாதான். இத நான் பிழையா வரைஞ்சிட்டன்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப சரியா அளப்பம்" என்றார்.

ஒரு மணித்தியாலம் அளந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் நகர்ந்தார். சின்ன வளைவுக்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

"வூட்டுல யாரும் கூட வரல்லியா?"

"யாரும் இல்ல நானா."

அவர் நாடாவைச் சுருட்டி என்னிடம் தந்தார். பிறகு, "மூணு மணிக்கு முன்னுக்குப் போயிடுங்க. ஆன வாற எடம்" என்றார். கொண்டுபோன சோற்றுப் பார்சலில் பாதியை நீட்டினேன். வேண்டாம், வீட்டில் காத்திருப்பார்கள் என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சோற்றை முழுவதும் நானே சாப்பிட்டேன். ஆட்கள் இல்லாத இடம், ஒருவர் வந்து போனபிறகு இன்னும் வெறிச்சோடிவிடுகிறது. ஆனை வருமென்று தெரிந்தும் எழும்ப மனமில்லாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் இஞ்சினியரிடம் சொன்னேன். நல்ல பொடியன், புதிதாக வந்தவன். "அந்த ஃபைலையே மூடியாச்சு மிஸ். புது ரோட் வேற பக்கத்தால போகுது" என்றான்.

அந்தக் கிழமை பின்னேரங்களில் அறையில் இருந்து நாலு வளைவோடும் வரைந்து முடித்தேன். யாரும் கேட்காத படம். படத்தின் கீழ் மூலையில் அளந்தவர்களின் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. என் பெயரை எழுதினேன். அவருடையதைக் கேட்க மறந்திருந்தேன். "மற்றும் ஒருவர்" என்று எழுதிச் சுருட்டி அலுமாரியில் வைத்தேன்.