மகளிடம் மாமாவைப் பற்றிப் பேசப் போன நாள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றோருக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் கஷ்டமான விஷயங்களை எப்படிப் பேசுவது என்று. எனக்குக் கூட்டம் என்றாலே எரிச்சல். எப்போது முடியும், எப்போது சாப்பிடப் போகலாம் என்ற நினைப்பில்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேச வந்தவர் போதகரின் மனைவி, எங்கள் ஐயரம்மா. "சாவப் பத்திப் பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதீங்க" என்று அவர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாங்கள் சொல்லியிருந்தோம். என் மனைவியின் தம்பி, விழிஞ்ஞம் துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருந்தவன், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மகளிடம் ஹார்ட் அட்டாக் என்றோம். அடக்க ஆராதனை நோட்டீஸில் எல்லோருக்கும் போடுவதுபோல 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டோம். இப்படிப் போனவனுக்கு அதைப் போடலாமா என்று ஒரு பெரியவர் என் காதில் வந்து கேட்டார். கல்லறைத் தோட்டமாகப் போயிற்று, இல்லாவிட்டால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

முகம் பார்த்துப் பேச முடியாவிட்டால் காரில் போகும்போது பேசுங்கள், இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார் ஐயரம்மா. மச்சினன் தங்கியிருந்த வாடகை அறையில் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துவர விழிஞ்ஞம் போக வேண்டியிருந்தது. அந்த அறைக்குள் நுழைய என் மனைவிக்கு மனம் வரவில்லை. மகளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். மாமா பரலோகம் போனாரா என்று கேட்பாள். அதற்காக வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பைபாஸில் துறைமுகத்து கிரேன்கள் தெரிய ஆரம்பித்ததும், இனியும் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று தோன்றவே சொல்லிவிட்டேன்.

"மக்களே, மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் இல்ல."

"எனிக்கறியாம் அப்பா" என்றாள், எனக்குத் தெரியும் என்று மலையாளத்தில். "ஸ்கூல்ல சொன்னாங்க."

பரலோகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "நான் சரியா தமிழ்ல சொல்லியிருந்தா மாமா இருந்திருப்பாரா அப்பா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"மாமா கடைசியா வந்தப்போ, 'மாமனு பயங்கர விஷமமா மோளே'ன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் போய் அம்மாட்ட, மாமாவுக்கு பயங்கர விஷமமாம்னு சொன்னேன். அம்மா சிரிச்சாங்க."

இங்கே மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள்; அவளும் மாமாவும் எப்போதும் மலையாளத்தில்தான் பேசிக்கொள்வார்கள். மலையாளத்தில் விஷமம் என்றால் துக்கம், மனவேதனை. என் மனைவி பாளையங்கோட்டைக்காரி. கடைத்தெருவில் நன்றாகவே மலையாளம் பேசுவாள், ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் காது தமிழ்க்காதுதான். அவளுக்கு விஷமம் என்றால் குறும்பு. அதுவும் தம்பியோ, அக்காவின் சடையை நாற்காலியில் கட்டிவைத்துவிட்டு ஓடுகிற ரகம். "அவனுக்கா? பொறந்ததுலேர்ந்தே வெஷமந்தான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல மக்களே" என்றேன். "மாமாவுக்கு மனசு ரொம்ப சுகமில்லாம இருந்திருக்கு. பெரியவங்க எங்களுக்கே தெரியல."

தலையாட்டினாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

"அம்மாட்ட சொல்லாதீங்கப்பா. சிரிச்சது ஞாபகம் வந்தா அம்மா தாங்க மாட்டாங்க."

அவளிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவளும் எங்களைப் பற்றி அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. அவள் முன்னாலேயே அழுதேன். அவள் டேஷ்போர்டிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றேன்.

சாமான்களோடு வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்றிருந்தது. மனைவி அடுப்பை அணைத்தாள்.

"சாவுச் செய்தி ஃபோன்ல வந்த அன்னைக்கே அவ சொன்னது எனக்கு ஞாபகம் வந்துட்டு" என்றாள். "அவ மறந்திருப்பான்னு நெனச்சேன். நாம எதையாவது பேசப்போயி அவளுக்கு ஞாபகம் வந்துரக் கூடாதேன்னு தெனமும் பயந்துகிட்டே கெடந்தேன்."

கையைக்கூடத் துடைக்காமல் மகளின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மகள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீ சரியாத்தான் சொன்ன, கண்ணு. எனக்குத்தான் கேக்கல."