மாமா மறுத்த கிரீடம்

எங்கள் மாமாவுக்கு ராஜாக்களைக் கண்ணில் காட்டக்கூடாது. அம்மாவின் தம்பி அவர். மொன்றியலில் எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையுயர்த்திப் புதுத் தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்ற விதியை எழுதியவரும் அவர்தான். ஊரில் கதிரையை விடாமல் குந்தியிருந்தவர்களால்தானே நாம் இந்தப் பனிக்குள் வந்து சீரழிகிறோம் என்று, செயின்ட்-லோரன்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் குத்திக் குத்திச் சொல்வார். சங்கத்தின் செயலாளரான அப்பா அந்தப் பேச்சில் அப்படியே மயங்கிக் கிடந்தார்.

எனக்குப் பத்து வயதான மாரிக்குளிரில், பொங்கல் விழாவில் மாமாவுக்குக் கிரீடம் சூட்டி ஆயுட்காலத் தலைவராக்க வேண்டுமென்று சிலர் கிளம்பினார்கள். பொன்னாடை போதாதா, கிரீடம் எதற்கு என்று வேறு சிலர். டெலிபோனில் ஒரே சண்டை. கடைசியில் மாமாவே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

“அத்தான், நானென்ன ராசாவே? கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவன். நீங்கள் தேர்தலுக்கு ஆயத்தப்படுத்துங்கோ.”

அப்பா அதை நம்பி வீடு வீடாகப் போனார். தன் மச்சான் அதைத் தொடவும் மாட்டான், அதற்குத் தான் பொறுப்பு என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னார். பாவம் மனுஷன்!

செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் விழா. தட்டில் கிரீடம் வந்தது. மாமா இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். சனம் கைதட்டியது. மறுபடி மறுத்தார், விசிலடித்தார்கள். மூன்றாம் முறை, உங்கள் அன்புக்குக் கட்டுப்படுகிறேன் என்று மைக்கில் தழுதழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். தேர்தல் என்னாவது என்று கேட்க அப்பா எழுந்தார். “இருங்கோ அண்ணை, சோறு ஆறுது” என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. அப்பா மெல்லக் கதிரையில் குந்தினார்.

அன்றைக்கு நான் கிரீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கிரீடம் காதுவரை இறங்கி, உள்ளே பஞ்சு அடைய வேண்டியிருந்தது. மாமாவின் கிரீடமோ அச்சொட்டாகப் பொருந்தியது.

திரும்பும் வழியில் காருக்குள் அம்மா தம்பிக்காகப் பரிந்து பேசினார். சனம் விடாமல் கொண்டுவந்து நீட்டினால் அவன்தான் என்ன செய்வான் என்றார். அப்பாவும் மெல்ல இளகினார். “ஓம், அவனும் மாட்டுப்பட்டுப்போனான்தான்.”

அவர் முகம் தெளிந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கிரீடம் நல்ல அளவு அப்பா! கிறிஸ்மஸ் லீவுக்கு மாமா வீட்டை நிக்கேக்கை, மாமி டேப்பாலை மாமான்ரை தலையை அளந்தவ. மாமாவும் ஆடாமல் இருந்தவர். நான் தொப்பி பின்னத்தான் எண்டு நினைச்சன்.”

அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்தினார். அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சில்லில் காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, நான் இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.